எச்சரிக்கையின் வாயை அடைத்தவர்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் ஒரு பழைய யூ.பி.எஸ். இருந்தது. கரண்ட் போனால் கீ கீ என்று கத்தும். காரைக்காலில் கரண்ட் போவதற்குக் காரணமா வேண்டும்? ஒரு மதியம் அது கத்த ஆரம்பித்ததும், பழுது பார்க்க வந்திருந்த அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே ஏதோ ஒரு வயரை நறுக்கிவிட்டு, "இனிமே கத்தாது டீச்சர், பயப்படாதீங்க" என்றார். கத்தவும் இல்லை. மறு வாரம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது சத்தமே இல்லாமல் எல்லாத் திரைகளும் ஒன்றாக அணைந்தன. பாட்டரி தீரப் போகிறது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. பட்டினியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். அவரைப் பிடித்துத் திட்டியதற்கு, "அது கத்தியிருந்தா உங்களுக்குப் படபடப்பு வந்திருக்குமே டீச்சர்" என்றார். கிண்டல் இல்லை, மனசாரச் சொன்னார்.

பேர் வேண்டாம். விழிதியூர்க்காரர். நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்து, வயலுக்குப் போகாமல் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர். பள்ளிக்கூடம், கடைகள், வீடுகள் என்று ஊர் முழுக்க அவருக்கு வேலை இருந்தது. எல்லோருக்கும் அவர் சிஸ்டம்காரர். தொப்பையும் வியர்வையுமாக வருவார். வந்ததும் மெஷினைப் பார்க்க மாட்டார், முதலில் நம் முகத்தைப் பார்ப்பார். டாக்டர்களுக்கே வராத பழக்கம் அது. நானோ பல்லி விழுந்தாலே மாதாவைக் கூப்பிடுகிறவள். எனக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா?

அவருடைய ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்தால் எரிகிற விளக்கு கிடையாது. பிடுங்கிப் போட்டுவிட்டார். அது எரியும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி பதறுகிறாராம். அந்தப் புண்ணியத்தில் புருஷனும் பெண்டாட்டியும் திருநள்ளாறு சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். தள்ளிக்கொண்டே அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

புயல் காலத்தில் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். கூண்டின் எண் ஏற ஏற ஊர் வாய் மூடிப்போகும். எத்தனையாம் எண் என்று யாராவது கேட்டால் அவர் கூசாமல் ஒன்று இரண்டு குறைத்துத்தான் சொல்வார். ஒரு தடவை காரைக்கால்மேட்டிலிருந்து பிள்ளையைச் சேர்க்க வந்திருந்த ஒரு பெண்ணிடம் அப்படிச் சொன்னார். அவள் புருஷன் படகைக் கரையேற்றாமல் இருந்துவிட்டான். நல்லவேளை, புயல் வேறு பக்கம் போனது. "ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க?" என்று நான் சத்தம் போட்டேன். அன்றைக்குத்தான் அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்.

அம்மா காரைக்கால்மேட்டுக்குக் கீரை கொண்டுபோய் விற்கிறவர். சுனாமி வந்த நாளில் அவர் வயலில் இருந்தார், பிழைத்தார். அதற்கப்புறம் ஒரு நாள் மேட்டில் யாரோ "கடல் வருது" என்று கத்தியிருக்கிறார்கள். சனம் முழுக்க ஓடியது. அம்மாவும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி, சந்தில் விழுந்தார். மேலே ஓடினவர்களுக்குக் கீழே ஆள் கிடப்பது தெரியவில்லை. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"தண்ணி கொல்லல டீச்சர். கத்தினாங்களே, அது கொன்னுச்சு" என்றார்.



இணையத்தில் வரும் சிவப்புப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பெரிதாகப் போட்டு வழியை மறித்துக்கொண்டு நிற்கும். எனக்கு அதைப் பார்த்தாலே கை ஜில்லிட்டுவிடும். அவருக்கோ அதைப் போக்குவது கைவந்த கலை. ஒரு நாள் அப்படிப் போக்கும்போது பக்கத்திலிருந்து, என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

ஒவ்வொரு இணையப் பக்கமும் 'நான் இன்னார்தான்' என்று ஒரு சான்றிதழைக் காட்டுமாம். அதில் இன்னொருவர் கையெழுத்து இருக்கும். அவருக்காக அவருக்கு மேலே உள்ளவர் கையெழுத்துப் போட்டிருப்பார். இப்படிப் போய் உச்சியில் ஒருவர் இருப்பார். அவருக்காகக் கையெழுத்துப் போட யாரும் இல்லை, தனக்குத் தானே போட்டுக்கொள்வார். அதன் பெயர் ரூட் சான்றிதழ். எந்தெந்த உச்சிக்காரர்களை நம்பலாம் என்று மெஷினுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. உச்சியில் நிற்பவர் பட்டியலில் இருந்தால் பூட்டுப் படம் வரும். இல்லாவிட்டால் சிவப்பு.

"எங்க கோவில் கல்யாணம் மாதிரி" என்றேன். வேறு ஊர் மாப்பிள்ளை என்றால் அவருடைய பங்குச் சாமியார் கடிதம் கொடுக்க வேண்டும். எங்கள் சாமியார் அந்தச் சாமியாரை நம்புவார், ஏனென்றால் அவரையும் ஓர் ஆயர்தான் நியமித்திருப்பார். அப்புறம் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று.

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அதேதான் டீச்சர்! ஆனா நான் என்ன செய்றேன்னா, மூணு வாரம்லாம் காத்திருக்கிறதில்ல. தெரியாத சாமியாரா? அவரையும் பட்டியல்ல சேத்துடறேன். மெஷின் ஒரே ஒரு தடவ கேக்கும், நெஜமாவான்னு. ஆமான்னு அமுக்கிட்டா அப்புறம் ஆயுசுக்கும் கேக்காது."

நானும் சிரித்தேன். ஆயுசுக்கும் கேட்காது என்பது எனக்கும் அப்போது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கும் அப்படித்தான் ஓலை வாசித்தார்கள். அத்தானுடைய பங்கிலிருந்து தடை ஏதும் இல்லை என்று கடிதம் வந்தது. மூன்று ஞாயிறும் கோவிலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தான் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்தார். குரலை உயர்த்தவே மாட்டார். அடிக்கும்போதும் உயர்த்த மாட்டாராம். வெளியில் தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பார். தருமபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனால் எனக்கு அவர் கையாலேயே காபி வரும். அந்தக் காபியை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்காவின் போனை அவர் தினமும் சாயங்காலம் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அவளிடம் அவர் கை படாத ஒரே பொருள், எங்கள் அப்பா சாவதற்கு முன் வாங்கிக் கொடுத்த லேப்டாப். அதில்தான் அவள் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாள். கடவுச்சொல்லை அவரிடம் சொன்னதே இல்லை. அதிலிருந்து எனக்கு மெயில் எழுதுவாள். எல்லாவற்றையும் எழுதுவாள். வீட்டை விட்டுப் போய்விடப் போகிறேன், வெளியூர்ப் பள்ளிக்கூடங்களில் வேலை கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் கிளம்புவேன் என்று எழுதினாள். போகப் போகிறாள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அவள் கதி என்ன என்று நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. இருவருக்கும் அது தெரியும். அந்த மெயில்களில் அத்தானுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் இன்ஸ்பெக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவின் லேப்டாப்பில் மெயிலைத் திறந்தால் சிவப்புப் பக்கம். மற்றப் பக்கங்களிலாவது, பரவாயில்லை என்று தாண்டிப் போக ஒரு சந்து இருக்கும். மெயில் பக்கம் அதையும் அடைத்துவிட்டது. இரண்டு நாளாக இப்படித்தான் என்றாள்.

"வைஃபை பொட்டியை மாத்தினேன், அதான் இருக்கும்" என்றார் அத்தான், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த விழிதியூர்க்காரரைக் கூப்பிடேம்மா. உங்க ஸ்கூலுக்கு வருவாரே. சிவப்புப் பக்கம்னா அவர்தான்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

அவரே நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்தானே, ஏன் வெளியாளைக் கூப்பிடச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அக்கா தன் லேப்டாப்பை அவர் தொட விடமாட்டாள் என்பதால், அதை மதித்துத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நான்தான் போன் போட்டேன்.

அவர் வந்தார். வழக்கம்போல அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த பயம் சிவப்புப் பக்கத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டார் பாவம். "பயப்படாதீங்கக்கா, அஞ்சு நிமிஷம்" என்றார். அந்தப் பக்கத்தின் சான்றிதழைத் திறந்து, உச்சியில் நின்ற பெயரைப் பார்த்தார். ஃபேமிலி ரூட் என்று இருந்தது. "புதுப் பொட்டியோடது போல" என்று அதை எடுத்து, நம்பலாம் என்கிற பட்டியலில் சேர்த்தார். நிஜமாகவா என்று மெஷின் நீளமாக ஒரு கேள்வி கேட்டது. அவர் படிக்காமலே ஆமாம் என்று அமுக்கினார். மெயில் திறந்தது, பூட்டுப் படம் வந்தது. அக்கா மூச்சுவிட்டாள். அத்தான் கதவில் சாய்ந்து நின்று முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். "இவரை மாதிரி ஆள் கெடைக்கிறது கஷ்டம்மா" என்று என்னிடம் சொன்னார்.

சில வாரம் கழித்து, கோவில் வாசலில், அத்தான் வண்டியை எடுக்கப் போன நேரத்தில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் இறங்கியது.

"ஏண்டி சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"நேத்து சோறு போட்டேன். தட்டைப் பாத்துக்கிட்டே, இன்ஸ்பெக்டருக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்கறார். சிரிக்கிறார்டி. உன்னைத் தவிர அந்தப் பேரு யாருக்குடி தெரியும்?"

நான் சொல்லவில்லை, மாதா மேல் சத்தியம் என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த கண்தான். அதில் எனக்கு இடம் இல்லாமல் போயிருந்தது. "வேலை கெடைச்சது அவருக்குத் தெரியுமா? அதையும் சொல்லிட்டியா?" என்றாள். அத்தானின் ஹாரன் கேட்டது. அவள் போய்விட்டாள். அப்புறம் எனக்கு மெயில் எழுதவில்லை. நான் எழுதியதற்குப் பதிலும் இல்லை.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் அத்தான் நின்று நான் எழுதுவதைப் படிப்பது போல இருக்கும். எழுத்து கோணும். பிள்ளைகள் சிரிப்பார்கள். தூக்கத்தில் உளறி யாரிடமாவது சொல்லியிருப்பேனோ என்றுகூட நினைத்தேன். உளறினால் கேட்க யார் இருக்கிறார்கள், நான் தனியாகத்தான் இருக்கிறேன். அக்காவை அவர் அடித்துப் போட்டுவிட்டால், கடைசி நினைப்பாக அவள் என்னைத்தான் துரோகி என்று நினைப்பாள். அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

ஒரு மதியம் கம்ப்யூட்டர் அறையில் சிஸ்டம்காரர் தரையில் உட்கார்ந்து வயர் பின்னிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "பூட்டுப் படம் இருந்தாலும் நடுவுல யாராவது படிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"வாய்ப்பே இல்ல டீச்சர். பயப்படாதீ..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். "யாருக்கு?" என்றார்.

அக்காவுக்கு என்றேன். இன்ஸ்பெக்டர் கதையைச் சொன்னேன். அவள் போகவிருப்பதைச் சொன்னேன். முதல் தடவையாக, அத்தான் அடிப்பார் என்பதையும் ஒரு வெளி ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் எழுந்து பக்கத்து மெஷினில் எதையோ திறந்தார். நம்பலாம் என்கிற பட்டியல். திரை முழுக்கக் கேள்விப்பட்டே இராத பெயர்கள்.

"இவங்கள்லாம் யாரு?"

"மெஷினோடவே வந்தவங்க. இவங்கள்ல யார் கையெழுத்து போட்டாலும் மெஷின் நம்பிடும். எந்தப் பேருக்கு வேணாலும் போடலாம். இதுதான் உன் மெயில்னு சொன்னாலும் நம்பும், இதுதான் உன் பேங்க்குன்னாலும் நம்பும்." அவர் குரல் கம்மியது. "அக்கா மெஷின்ல இன்னும் ஒருத்தன் இருக்கான். நான் சேத்தது."

அன்றைக்குத் திரையில் பார்த்த ஃபேமிலி ரூட் என்ற பெயர் எனக்கு நினைவு வந்தது.

"மெயில் வர்ற வழியில உங்க அத்தான் பொட்டிய வச்சுப் பிரிச்சுப் படிச்சிட்டு, தன் கையெழுத்தைப் போட்டு ஒட்டி அனுப்பறார். மெஷினுக்கு அந்தக் கையெழுத்து தெரியல. அதனாலதான் கத்துச்சு. ரெண்டு நாளா அக்காகிட்ட கத்தியிருக்கு டீச்சர். நான் போய் வாயை அடைச்சேன்."

அவர் நெற்றி வேர்த்தது. பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் பயந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்தபோது எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போனது. எப்போதும் நம்மைத் தேற்றுகிறவர் பயந்தால் வீட்டில் தூண் ஆடுகிற மாதிரி இருக்கும்.

பட்டியலை மூடிவிட்டு, "ஓலை வாசிச்சாங்களே, மூணு வாரம் கேட்டும் இவரைப் பத்தி யாருமே சொல்லலையா?" என்றார்.

"இல்ல."

"கடுதாசி எல்லாம் சரியா இருந்துச்சு, இல்ல?"

"எல்லாம் சரியா இருந்துச்சு."

இப்போதே போய் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் அவசரப்பட்டேன். அவர் தலையை ஆட்டினார். எடுத்தால் மறுபடி சிவப்பு வரும், மெயில் நிற்கும். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அத்தானுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அப்புறம் வீட்டுக்குள் இருப்பது அக்கா ஒருத்திதான். "அது அப்படியே கெடக்கட்டும் டீச்சர். அவர் பயப்படாம இருக்கட்டும். அவர் பயந்தா அக்காவுக்கு ஆபத்து" என்றார். 

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. போன் அத்தான் கையில், மெயில் அத்தான் கண்ணில். அவர் வேலைக்குப் போன நேரத்தில் நேரில் போனாலும் அவள் எனக்குக் கதவு திறக்க மாட்டாள், திறந்தாலும் நம்ப மாட்டாள். "நான் வந்து சொல்றேன்" என்றார் அவர். பிறகு அவரே வேண்டாம் என்றார். "ஒரு தடவ சொன்னேன், பாத்தீங்கல்ல. நீங்களும் நம்பச் சொல்லாதீங்க, நானும் சொல்லல. பூட்டைத் தட்டினா யார் கையெழுத்துன்னு காட்டும். அவங்க கண்ணால அவங்களே பாக்கட்டும்."

எங்கள் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். வெளியே வந்தால் அத்தானிடமிருந்து அவள் பிரிந்திருக்கிற இடம் அது ஒன்றுதான். அந்த ஞாயிறு நான் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். அவள் திரும்பவே இல்லை. சமாதானம் சொல்கிற நேரம் வந்தது. பக்கத்தில் இருப்பவர், பின்னால் இருப்பவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாக வேண்டும், திரும்பாமல் இருக்க முடியாது. அவள் திரும்பினாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கும்பிட்டாள். நான் கும்பிட்ட கைக்குப் பின்னால் வாயை வைத்து, "மெயில் பூட்டைத் தட்டிப் பாரு. யார் கையெழுத்துன்னு பாரு. இனிமே நான் மெயில்ல எழுதறது உனக்கு இல்ல, அவருக்கு" என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அந்தப் பக்கம் வரிசையில் அத்தான் யாரோ ஒரு பெரியவரைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மெயில் எழுதினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வேலையில் இருக்கும்போது கிளம்பு, பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன், புதுச்சேரி பஸ்ஸில் சேர்ந்து போகலாம் என்று. இத்தனை வாரம் வராத பதில் அன்று வந்தது. ஒரே சொல். 'சரி.'

அந்தச் 'சரி' என்னைப் படுத்திய பாடு! பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு சொன்ன சரியா? பார்க்காமல், நான் நிஜமாகவே கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சொன்ன சரியா? பார்த்திருந்தால், அத்தான் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிற நேரத்தில் அவள் வேறு வழியில் போய்விடுவாள். பார்க்காமல் இருந்திருந்தால், அவள் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள், அத்தான் அங்கே நிற்பார், நானே அவளைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது. "அவர் வீட்டிலேயே இருந்துட்டா?" என்று சிஸ்டம்காரரிடம் கேட்டேன். "இருக்க மாட்டார். அன்னைக்கு நான் அமுக்கறப்ப பின்னால நின்னு ரசிச்சாரே. கையுங் களவுமா பிடிச்சுக் காட்டினாத்தான் அவருக்கு ருசி" என்றார். ஆனால் அவருக்கும் உதடு காய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பையில் பழைய புடவைகளைத் திணித்துக்கொண்டு போய் நின்றேன். ஸ்கூட்டரை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு அவரும் நின்றார். பஸ் வந்தது. நடத்துனர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவினார். பச்சைப் புடவை கட்டின ஒருத்தி தூரத்தில் வந்தாள். அக்கா நடைதான். மாதாவே! வராதேக்கா, வராதே என்று நெஞ்சுக்குள் அலறினேன். கிட்டே வந்ததும் வேறு யாரோ. அப்போது என் தோளுக்குப் பின்னால் மெல்லிய குரல் கேட்டது.

"என்னம்மா, எங்க கெளம்பிட்டே?"

அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். "அக்கா வரட்டும், நானும் பேசிட்டுப் போறேன்" என்று என் பக்கத்திலேயே நின்றார். இருவரும் ஒருத்திக்காகக் காத்திருந்தோம். பஸ் நகர்ந்தது. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. போனை எடுத்து அக்காவை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். டீக்கடை ஓரம் நின்றவர்மேல் கண் நின்றது. வேகமாகப் போய் அவர் சட்டையைப் பிடித்தார்.

"அவ மெஷின்ல கை வச்சியா?"

"இல்லீங்க. நான் சேத்தது அப்படியே இருக்குங்க. ஒண்ணும் தொடல. நீங்களே போய்ப் பாருங்க" என்றார். அதில் பொய்யே இல்லை. கன்னத்தில் அறை விழுந்தது. அவர் போகவில்லை. அத்தானின் கையை விடாமல், நேரத்தை இழுக்கிறவர்போலப் பட்டியல் என்றும் கையெழுத்து என்றும் முதலிலிருந்து நிதானமாக விளக்க ஆரம்பித்தார். கேட்கிற நிலையிலா அத்தான் இருந்தார்? இன்னொரு அறை விழுந்தது. கூட்டம் கூடிவிட்டது. நடத்துனர்கள் வந்து பிரித்துவிட்டார்கள். அத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். அத்தனை நேரத்தில் ஒரு தடவைகூட சிஸ்டம்காரர் என்னிடம் பயப்படாதீங்க என்று சொல்லவில்லை.

தருமபுரம் வீட்டில் அக்காவின் போன் சமையலறை மேடையில் இருந்ததாம். லேப்டாப்பும் இருந்தது. அவள் இல்லை. அத்தான் என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியது, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது எல்லாம் வேறு கதை. ரொம்ப நாள் யார் கதவைத் தட்டினாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன்.

அப்புறம் ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது. "நான் நல்லா இருக்கேன்" என்றாள். நான் அழுதுவிட்டேன். "தட்டிப் பாத்தேன்டி. அந்தப் பேருதான் இருந்துச்சு. உன்னைச் சந்தேகப்பட்டேன்" என்று அவளும் அழுதாள். எங்கே இருக்கிறாய் என்றேன். "அதை மட்டும் கேக்காத" என்றாள். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்காமல் இல்லை.

சிஸ்டம்காரர் அதற்குப் பிறகு பெரிய வேலை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்தெந்த வீட்டில் ஆமாம் என்று அமுக்கினாரோ அங்கெல்லாம் போய், சேர்த்ததையெல்லாம் எடுத்தார். பாதி இடங்களில் சிவப்புப் பக்கம் திரும்பி வந்தது. சனங்கள் சண்டைக்கு வந்தார்கள். நன்றாக ஓடினதைக் கெடுத்துவிட்டான் என்று ஒரு கடைக்காரர் வாசலிலேயே வைத்துத் திட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கத்தறது எதுக்குன்னு பாருங்க முதலாளி, அப்புறம் நிறுத்தலாம்" என்றார். ஒவ்வொருவராக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் துபாயில் ஒரு கடையில் வேலை என்று கிளம்பினார்.

போவதற்கு முன் கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கொடுக்க வந்தார். இளைத்திருந்தார். வந்தவர் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க டீச்சர்?"

"நல்லா இருக்கா."

"உங்ககிட்ட முன்ன மாதிரி பேசறாங்கல்ல? நான் செஞ்ச வேலையால உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எதுவும்..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எப்பவும் போலத்தான்."

அவர் முகம் தெளிந்தது. எத்தனையோ நாளாகச் சுமந்த ஒன்றை இறக்கிவைத்த மாதிரி மூச்சுவிட்டார். "எந்த ஊர்ல இருக்காங்க?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் ஆட்டி, "வேணாம் டீச்சர், சொல்லாதீங்க. என்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

சரி, சொல்லவில்லை என்று சிரித்தேன். எனக்கும் தெரியாது என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.